ருஷ்ய நகரங்களில் ஆங்கிலம் கற்பிப்போர்

பிறமொழி நடுவே பிழைப்பு நடத்துவது தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்குப் புதிதன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆங்கில அறிவைத் துணையாகக் கொண்டு உத்தியோகம் பெற்று வேரூன்றிய குடும்பங்கள் பல. அக்குடும்பங்களில், வீட்டில் தமிழும் தெருவில் இந்தியோ வங்காளியோ மராட்டியோ பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்த பட்டதாரி இளைஞர்களுக்கு, வெளிநாடு சென்று ஆங்கிலம் கற்பிக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அவ்வாறு எண்ணுவோர் கண்ணிற்படும் இடங்களுள் ருஷ்ய நகரங்களும் உண்டு. மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கசான், நோவசிபீர்ஸ்க் முதலிய நகரங்களில் தனியார் நடத்தும் மொழிப்பள்ளிகள் மிகுதி. அவற்றில் ஆசிரியர் எவ்வாறு உழைக்கிறார், அவ்வுழைப்பில் எவ்வளவு பங்குக்குக் கூலி பெறுகிறார், சட்டம் அவருக்கு எந்த அளவு துணை நிற்கிறது என்பனவற்றை இங்கே காண்போம்.

சோவியத் நாட்டில் அயல்மொழிக் கல்விக்குக் குறைவிருந்ததில்லை. ஆங்கிலத்தைத் தொடக்க வகுப்பு முதலே ஆழமாகக் கற்பிக்கும் தனிப் பள்ளிகள் பெருநகரங்களில் இருந்தன. நதாலியா போன்க் அம்மையாரும் அவருடன் பணியாற்றிய ஆசிரியைகளும் இயற்றிய பாடநூலைக் கொண்டு ஆங்கிலம் பயின்றோர் பல தலைமுறையினர். அவ்வம்மையார் தமது தொண்ணூற்றேழாம் வயதில், 2022-ம் ஆண்டில் மறைந்தார். எனினும், இலக்கணமும் மொழிபெயர்ப்பும் கற்றவர்க்கு அம்மொழியைப் பேசிப் பழகும் வாய்ப்பு அரிதாக இருந்தது. 1986-ம் ஆண்டில் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த தனிநபர் உழைப்புச் சட்டமும், 1988-ம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டமும் தனியார் கல்விக்குக் கதவைத் திறந்தன. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், வாணிகத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் ஆங்கிலம் தேவையாயிற்று. தெருவுக்குத் தெரு மொழிப்பள்ளிகள் தோன்றின. பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இளம் பட்டதாரிகள் ஓராண்டு, ஈராண்டு வேலைக்கு வந்து இறங்கினர். இன்று ருஷ்யப் பள்ளிகளில் இரண்டாம் வகுப்பு முதலே ஓர் அயல்மொழி கட்டாயம். பெரும்பாலோர் எடுப்பது ஆங்கிலமே. ஆகையால் மாலை நேர மொழிப்பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்குக் குறைவில்லை.

இனி, வேலைநேரத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். ருஷ்யக் கல்வி உலகில் ‘கல்வி மணி’ என்பது அறுபது நிமிஷமன்று, நாற்பத்தைந்தே நிமிஷம். இரண்டு கல்வி மணிகள் சேர்ந்தது ஒரு ‘பாரா’. நம் மொழியில் ‘ஜோடி’ என்று பொருள். வாரத்துக்கு முப்பது கல்வி மணி என்று ஒப்பந்தத்தில் கண்டால், கடிகாரக் கணக்கில் அது இருபத்திரண்டரை மணி நேரமே. ‘அடடா, அரசாங்க அலுவலகத்தைவிட இலகுவான வேலை!’ என்று படிப்பவர் மகிழக்கூடும். அம்மகிழ்ச்சி முதல் வாரத்தோடு முடிந்துவிடும்.

காரணம், அந்த இருபத்திரண்டரை மணி ஓரிடத்தில் தொடர்ச்சியாக அமைவதில்லை என்பதே. கற்க வருவோர் பகலில் அலுவலகத்திலோ பள்ளியிலோ இருப்பவர்கள். ஆதலால் ஆசிரியரின் நாள் இரு துண்டாகப் பிளக்கிறது. காலை எட்டு மணிக்கு ஒரு கம்பெனி அலுவலகத்தில், ஊழியர்கள் தம் வேலையைத் தொடங்குமுன் ஒரு ஜோடிப் பாடம். பிறகு நண்பகல் வரை ஒன்றுமில்லை. பிற்பகல் நகரின் மறுகோடியில் சிறுவர் வகுப்பு. மாலை ஏழு மணிக்கு மேல் பெரியோர் வகுப்பு. முடியும்போது இரவு பத்து. சனி, ஞாயிறு காலைகள் பிள்ளைகளுக்கு உரியவை. இடையிலே மாஸ்கோவின் மெட்ரோ ரயில் வேகமானது, ஒழுங்கானது. ஆயினும் நகரம் பரந்தது. ஒரு நாளில் மூன்றிடம் செல்லும் ஆசிரியர், பாடம் நடத்தும் நேரத்துக்கு ஏறத்தாழ ஈடான நேரத்தைச் சுரங்க ரயிலிலும் பனி மூடிய நடைபாதையிலும் கழிக்க நேரிடும். பாடக் கணக்கில் சம்பளம் தரும் பள்ளிகள் பலவற்றில் அந்தப் பயணத்துக்கு ஊதியமில்லை. பாடம் தயாரிப்பதற்கும் இல்லை. கட்டுரை திருத்துவதற்கும், பெற்றோருக்கு அறிக்கை எழுதுவதற்கும், பாடமுறை மேற்பார்வையாளர் கூட்டும் கூட்டத்துக்கும் இல்லை. கூலி என்பது ஆசிரியர் வகுப்பில் நிற்கும் நாற்பத்தைந்து நிமிஷத்துக்கே.

ஆகவே, ஒரு கல்வி மணிக்கு இவ்வளவு ரூபிள் என்று விளம்பரம் கூறும்போது, கணக்குத் தெரிந்தவர் அதை அப்படியே பெருக்கிப் பார்க்கமாட்டார். வாரத்துக்கு முப்பது பாடம் நடத்துபவர், தயாரிப்பு, திருத்தம், பயணம் ஆகியவற்றுக்கு மேலும் இருபது மணி நேரம் செலவிடுவதாக வைத்துக்கொண்டால், அவர் பெறும் உண்மையான மணிக்கூலி விளம்பரக் கூலியில் பாதிக்கும் சற்று அதிகம், அவ்வளவே. நம் நகரங்களில் மாலைதோறும் வீடு வீடாகச் சென்று டியூஷன் சொல்லிக் கொடுப்போருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

ருஷ்ய ஆசிரியர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: ஒரு பங்கு வேலை பார்த்தால் உண்ண ஒன்றுமில்லை, இரண்டு பங்கு பார்த்தால் உண்ண நேரமில்லை என்று. பொதுப் பள்ளிகளில் வாரத்துக்கு 18 மணி கற்பித்தலே ஒரு முழுப் பங்கு. அதற்குரிய சம்பளம் போதாமல் ஒன்றரைப் பங்கு, இரண்டு பங்கு என்று சுமையை ஏற்றிக்கொள்வது அங்கே வழக்கம். தனியார் பள்ளிகளின் மாலை வகுப்புகளில் நிற்பவர்களுள் இத்தகைய ருஷ்ய ஆசிரியைகளும் அநேகர்; பகலில் அரசுப் பள்ளியில் கற்பித்துவிட்டு வருபவர்கள். அயல்நாட்டு ஆசிரியர்கள் தம் குறையைச் சொல்லும்போது, அதே அறையில் அவர்களைவிடக் குறைந்த கூலிக்கு உழைக்கும் இப்பெண்மணிகளைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

ஆண்டின் பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக வருமானம் தருவதும் இல்லை. செப்டம்பரிலும் ஜனவரிக்குப் பின்னும் புதிய வகுப்புகள் கூடும். ஜனவரி 1 முதல் 8 வரை நாடு முழுவதும் புத்தாண்டு விடுமுறை. மே மாதத் தொடக்கத்தில் மீண்டும் விடுமுறைகள். ஜூன் பிறந்தால் நகரத்தார் தங்கள் கிராமத்துக் கோடை வீடுகளுக்குப் புறப்பட்டுவிடுவர். ஆகஸ்டு முடியும் வரை வகுப்புகள் மெலிந்து கிடக்கும். மாதச் சம்பளக்காரருக்கு இவை ஓய்வு. பாடக் கணக்கில் கூலி பெறுபவருக்கோ பட்டினிக் காலம். மாணவர் திடீரென்று வராமற்போனால் அந்தப் பாடத்தின் கூலி யாரைச் சார்ந்தது என்ற கேள்வியும் உண்டு. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் நின்றால் கட்டணம் உண்டு என்று மாணவரிடம் பள்ளி வசூலிக்கும். அதில் ஆசிரியருக்குப் பங்குண்டா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் என்றேன். இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. 2002 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருந்துவரும் ருஷ்யத் தொழிலாளர் சட்டத்தொகுதி, தொழிலாளிக்குச் சாதகமான சட்டமே. சம்பளம் மாதத்துக்கு இருமுறையேனும் கொடுக்கப்பட வேண்டும். கல்விப் பணியாளரின் வேலைநேரம் வாரத்துக்கு 36 மணிக்கு மேற்படலாகாது. ஆண்டுக்குக் குறைந்தது 28 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. சோதனைக் காலம் சாதாரணமாக மூன்று மாதத்தைத் தாண்டலாகாது. இரு வாரத்துக்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டு ஊழியர் விலகலாம். இவற்றினும் பலருக்குத் தெரியாத ஒன்று: ஒழுங்கு நடவடிக்கையாக அச்சட்டம் அனுமதிப்பது எச்சரிக்கை, கண்டிப்பு, வேலைநீக்கம் என்ற மூன்றை மட்டுமே. ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் இத்தனை ரூபிள், பதிவேடு நிரப்பாவிட்டால் இத்தனை ரூபிள் என்று சம்பளத்தில் அபராதம் பிடிப்பதற்கு அச்சட்டத்தில் இடமே இல்லை.

இத்தனை நல்ல சட்டம் இருந்தும் குறைகள் எழுவானேன்? தொழிலாளர் ஒப்பந்தம் என்ற வாசல் வழியாக உள்ளே சென்றவருக்கே இச்சட்டம் நிழல் தருகிறது. அந்த வாசலைத் தவிர்க்கப் பள்ளிகள் கண்ட வழிகள் உள. ‘ஊதியத்துக்குச் சேவை’ என்ற பெயரில் ஒரு சாதாரண உரிமையியல் ஒப்பந்தம் எழுதினால், கையொப்பமிடுபவர் ஊழியரல்லர். விடுப்பு இல்லை, வேலைநீக்கப் பாதுகாப்பும் இல்லை. வேலை உறவை இவ்வாறு மறைப்பதைச் சட்டம் தடுக்கிறது. நீதிமன்றம் அதை உண்மையான வேலை ஒப்பந்தம் என்று தீர்மானிக்கவும் கூடும். ஆனால் வழக்காடுபவர் எத்தனை பேர்? 2019-ல் மாஸ்கோவிலும் வேறு மூன்று பகுதிகளிலும் தொடங்கிப் பின்பு நாடெங்கும் பரவிய ‘சுயதொழிலர்’ வரி முறை மற்றொரு வழியாயிற்று. அதன்படி ஆசிரியர் தனிநபரிடம் பெறுவதில் 4 சதவீதமும் ஸ்தாபனத்திடம் பெறுவதில் 6 சதவீதமும் வரி செலுத்தித் தம்மைத் தாமே நடத்திக்கொள்வார். தனியே பாடம் சொல்பவர்க்கு அது வசதியே. பள்ளியின் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டவர்க்கோ, பொறுப்பு அனைத்தும் தம் தலையில், அதிகாரம் அனைத்தும் பள்ளியின் கையில் என்ற நிலை. இந்தியக் குடிமக்கள் இம்முறையில் சேர இயலாது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பழைய வழி: உறை. கணக்கில் ஒரு சிறு தொகை. மீதியை மாதக் கடைசியில் காகித உறையில் வைத்துக் கையில் கொடுப்பது. ‘உறைச் சம்பளம்’ என்றே ருஷ்யர் இதற்குப் பெயர் வைத்திருக்கின்றனர். வாங்கும்போது இனிக்கும். நோயுற்றால் அல்லது விடுப்பெடுத்தால் கணக்கிலுள்ள சிறு தொகையே அளவுகோல். உறை ஒரு மாதம் வராவிட்டால், அது வரவேண்டியிருந்தது என்று மெய்ப்பிக்கும் காகிதம் எதுவும் ஆசிரியரிடம் இராது.

அயல்நாட்டவருக்கு இவற்றோடு இன்னொரு முடிச்சும் சேர்கிறது. அவருடைய வேலை அனுமதியும் வீசாவும் அவரை அழைத்த நிறுவனத்தையும், அனுமதி வழங்கப்பட்ட பிரதேசத்தையும் சார்ந்தவை. மாஸ்கோவுக்கு அனுமதி பெற்றவர் கசானில் பாடம் நடத்தலாகாது. பள்ளியோடு பிணக்கு ஏற்பட்டு விலகினால், தங்கும் உரிமையும் கூடவே ஆட்டங்காணும். ஆகையால் சம்பளம் தாமதமானாலும் வாய் திறக்கத் தயங்குகிறார். வேலை அனுமதி பெற ருஷ்ய மொழி, வரலாறு, சட்ட அடிப்படை ஆகியவற்றில் தேர்ச்சிச் சான்று 2015 முதல் வேண்டப்படுகிறது. மருத்துவச் சான்றும் வேண்டும். ‘உயர்தகுதி நிபுணர்’ என்ற வகுப்பினருக்கு இச்சோதனை இல்லை. ஆனால் அவ்வகுப்பில் சேர, 2024 மார்ச் முதல், காலாண்டுக்கு 7,50,000 ரூபிளுக்குக் குறையாத சம்பளம் காட்ட வேண்டும். சாதாரண மொழிப்பள்ளி ஆசிரியர் அந்த உயரத்தை எட்டுவது அரிது. வரியிலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் 183 நாள் அந்நாட்டில் தங்கும் வரை, சாதாரண அனுமதியில் வேலை செய்பவர் சம்பளத்தில் 30 சதவீதம் வரி பிடிக்கப்படும். அதன் பின்னரே 13 சதவீதம் என்ற அடிப்படை விகிதம். விளம்பரத்தில் கண்ட தொகை முதல் ஆறு மாதம் கைக்கு வராது என்பதை வீட்டு வாடகை பேசுமுன் நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தனை சிரமம் வேண்டாம், வாணிக வீசாவில் வந்துவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கூறுவோரும் உளர். வாணிக வீசாவில் சம்பளத்துக்கு வேலை செய்வது குற்றம். அபராதம், நாட்டைவிட்டு வெளியேற்றம் இரண்டும் நேரலாம். வேறு வேலை என்று சொல்லி ருஷ்யாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்தியை நாம் மறக்கவில்லை. அது தொடர்பாக 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை சென்னை, மதுரை உட்படப் பல ஊர்களில் சோதனை நடத்தியது. ஆசிரியர் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற தரகரின் சொல் இரண்டிலும் ஒன்றே.

நம்மவருக்கே உரிய ஒரு தடையையும் கூற வேண்டும். ருஷ்யப் பள்ளி விளம்பரங்களில் அடிக்கடி வரும் தொடர் ‘நசீத்தெல் யசிகா’. மொழிபெயர்ப்புத் தொழிலில் காலங்கழிக்கும் எனக்கு இச்சொல்லில் ஓர் ஈடுபாடு உண்டு. நேர்ப்பொருள் ‘மொழியைச் சுமப்பவர்’ என்பது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரை அது குறிக்கிறது. நடைமுறையிலோ, பிரிட்டன், அமெரிக்கா, கனடா முதலிய சில நாடுகளின் பாஸ்போர்ட் உடையவர் என்றே பல பள்ளிகள் பொருள் கொள்கின்றன. ஒன்றாம் வகுப்பு முதல் முதுகலை வரை ஆங்கிலத்திலேயே பயின்ற இந்தியர் அவர்கள் கண்ணில் மொழியைச் சுமப்பவரல்லர். அவருக்குக் குறைந்த கூலி கூறப்படலாம். சில வேளை கதவே திறவாமற்போகலாம்.

இது நியாயமன்று என்பதோடு, கற்பிக்கும் கலைக்கும் பொருந்தாது. ருஷ்ய மொழியில் ஆங்கிலத்தில் உள்ளவை போன்ற சுட்டிடைச் சொற்கள் இல்லை, தமிழிலும் இல்லை. ‘அவர் ஆசிரியர்’ என்று நாம் வினையின்றிச் சொல்வதுபோலவே ருஷ்யரும் ‘ஒன் உச்சீத்தெல்’ என்று இரண்டே சொல்லில் முடிப்பர். ஆகவே, ஒரு ருஷ்ய மாணவர் ஆங்கிலத்தில் சுட்டிடைச் சொல்லை விட்டுவிடும்போதும், இருத்தல் வினையை விழுங்கும்போதும், அந்தப் பிழை எங்கிருந்து பிறக்கிறது என்பது தமிழருக்கு விளக்காமலே விளங்கும். லண்டன் இளைஞருக்கு அது வெறும் பிழை. நமக்கோ தெரிந்த வீட்டுக் குழந்தை. முன்னொரு காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்தில் அமர்ந்து ருஷ்ய இலக்கியத்தைத் தமிழில் தந்த பூ. சோமசுந்தரம் போன்றோர் இவ்விரு மொழிகளின் உறவையும் வேற்றுமையையும் நன்கு அறிந்தவர்கள். இக்காரணத்தை நேர்முகத்தின்போது எடுத்துச் சொல்ல நம் இளைஞர் கூச வேண்டியதில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ருஷ்ய ஆவணங்களில் குலப்பெயர், இடுபெயர், தந்தைவழிப்பெயர் என்று மூன்று கட்டங்கள். நமக்கோ தலையெழுத்தும் ஒரு பெயரும். வீசாவில் தந்தை பெயர் குலப்பெயராகவும், பட்டத்தின் ருஷ்ய மொழிபெயர்ப்பில் அதுவே இடுபெயராகவும் ஏறிவிட்டால், இரண்டும் ஒருவரே என்று நிலைநாட்டக் கச்சேரி கச்சேரியாக ஏற நேரும். ‘தமிழழகன்’ போன்ற பெயரிலுள்ள ழகரம் ருஷ்ய எழுத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் கையில் ஒரு விதமாகவும் மற்றொருவர் கையில் வேறு விதமாகவும் உருவெடுக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளதற்கு ஒரே ருஷ்ய எழுத்துவடிவத்தை முதலிலேயே நிச்சயித்து, பட்டம், காவல்துறைச் சான்று, ஒப்பந்தம் அனைத்திலும் அதையே எழுதச் செய்வது பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். பட்டத்துக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை பெற்றுச் செல்வதும் அவசியம்.

2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டபின் இத்தொழிலின் நிலை பெரிதும் மாறிற்று. மேல்நாட்டு ஆசிரியர் பலர் வெளியேறினர். அவ்வாண்டு மார்ச்சில் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் ருஷ்யாவில் நிறுத்தப்பட்டன. அத்தேர்வுகளுக்கென நடந்த வகுப்புகள் பொருளிழந்தன. விஸா, மாஸ்டர்கார்டு அட்டைகளின் வெளிநாட்டுத் தொடர்பு அறுந்ததால், சம்பாதித்த ரூபிளை ஊருக்கு அனுப்புவதே ஒரு வேலையாயிற்று. 2018-ல் மூடப்பட்ட பிரிட்டிஷ் கௌன்ஸில், 2025 ஜூனில் ‘விரும்பத்தகாத அமைப்பு’ என்று அறிவிக்கப்பட்டது. அதன் பணிகளில் பங்குகொள்வது இப்போது அங்கே சட்ட மீறல். காலியான இடங்களுக்குப் பிற நாட்டவரைப் பள்ளிகள் நாடுவது நம்மவருக்கு வாய்ப்பாகத் தோன்றலாம். ஆனால் யூரேஷியப் பொருளாதார ஒன்றியத்தைச் சேர்ந்த ஆர்மீனியா, பெலாரஸ், கஸக்ஸ்தான், கிர்கிஸ்தான் குடிமக்களுக்கு ருஷ்யாவில் வேலை அனுமதியே தேவையில்லை. பள்ளிக்கு அவர்களை அமர்த்துவது எளிது. அல்மாத்தி, பிஷ்கெக், மின்ஸ்க் போன்ற ருஷ்ய மொழி வழங்கும் பிற நகரங்களின் சட்டம் வேறு. கஸக்ஸ்தானில் இந்தியர் 2022 முதல் பதினான்கு நாள் வீசா இன்றித் தங்கலாம் என்பது பயணிக்கே உரிய சலுகை, வேலைக்கு அன்று.

இவற்றுக்கெல்லாம் நடுவே, அவ்வேலையில் இன்பம் இல்லையா என்று கேட்டால், உண்டு. செப்டம்பர் முதல் நாளில் பூங்கொத்தோடு வரும் பிள்ளைகளும், இரவு ஒன்பது மணிக்கும் களைப்பைக் காட்டாமல் செகாவின் கதையை ஆங்கிலத்தில் விவாதிக்க விழையும் முதியோரும் அங்கே உளர். ஆசிரியர் என்றால் மரியாதை கொடுக்கும் சமூகம் அது. அம்மரியாதையைக் காட்டிச் சம்பளத்தைத் தள்ளிப்போடும் நிர்வாகிகளும் அதே சமூகத்தில் உளர்.

சம்பளம் தள்ளிப்போனால் செய்யத்தக்கது யாது? முறையான தொழிலாளர் ஒப்பந்தம் உடையவர், சம்பளம் பதினைந்து நாளுக்கு மேல் தாமதமானால், எழுத்து மூலம் அறிவித்துவிட்டு, அது வரும் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். தாமதத்துக்கு வட்டி போன்ற ஈட்டுத்தொகை உண்டு. அரசின் தொழிலாளர் ஆய்வகத்தில் முறையிடலாம். சம்பள பாக்கிக்காக ஓராண்டுக்குள் நீதிமன்றம் செல்லலாம். அதற்குத் தொழிலாளியிடம் நீதிமன்றக் கட்டணம் கேட்பதில்லை. ஆயினும் வீசா முடிந்து தில்லிக்குத் திரும்பியவர் மாஸ்கோ நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவது எளிதன்று. ஆதலால் அந்த அறிவிப்பைப் பதினாறாம் நாளே, ருஷ்ய மொழியில், இரு பிரதிகளாக எழுதி, ஒன்றில் பள்ளி அலுவலகத்தின் வரவு முத்திரையும் தேதியும் பெற்றுத் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டைப் பதிவுக்கென வாங்கும் அலுவலகம் அதைத் திருப்பித் தரும் வரை அங்கேயே அமர்ந்திருப்பதும் நல்லது.